ஒரே ஓரம் தேய்ந்த பின் டயர்: மதுரையிலிருந்து குற்றாலம், 1965

குற்றாலத்துக்குக் காரில் போகிறோம், எந்த மாதம் நல்லது, எங்கே தங்கலாம் என்று கேட்டு ஏழெட்டுப் பேர் எழுதியிருக்கிறீர்கள். அருவியைப் பற்றியும் சாப்பாட்டுக் கடைகளைப் பற்றியும் எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் பின் டயரைப் பற்றி எழுதப் போகிறேன். சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டுப் படியுங்கள். அந்த டயரைப் பார்த்து நான் சொன்ன ஒரு வார்த்தையால் ஒரு குடும்பம் நாசமாகப் போனது. இத்தனை வருஷம் இதை யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை.

1965, ஆடி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. அப்போது எனக்கு முப்பத்திரண்டு வயது. மதுரையில் நோட்டுப் புத்தக மொத்த வியாபாரம். கல்யாணமாகி ஆறு வருஷமாகியும் நானும் என் மனைவி கோமதியும் எங்கேயும் போனதில்லை என்று அவள் ஒரு மாதமாக முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். சாரல் நன்றாக இருக்கிறது என்று கேள்விப்பட்டு, நான்கு நாள் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டுக் கிளம்பினோம்.

கார் ஓட்டியவர் சுடலைமுத்து. செங்கோட்டைப் பக்கம் பண்பொழிக்காரர். என்னைவிட எட்டு வயது மூத்தவர். ஆனாலும் நான் அவரை "நீ" என்றுதான் பேசுவேன், அப்போது முதலாளிகள் எல்லோரும் அப்படித்தான். மூன்று வருஷமாக என்னிடம் வேலை பார்த்தார். அந்த வைகாசியில் தங்கச்சி கல்யாணத்துக்குக் காரைக் கேட்டார். நான்கு நாள் கொடுத்து அனுப்பினேன். கொடுத்ததைப் பத்துப் பேரிடம் சொல்லிப் பெருமைப்பட்டும் கொண்டேன்.

காலை ஐந்து மணிக்கு மதுரையை விட்டோம். திருமங்கலம், ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாக ராஜபாளையம் ஐம்பத்து மூன்று மைல். ஏழே காலுக்குப் போய்ச் சேர்ந்து இட்லியும் காபியும் சாப்பிட்டோம், மூன்று பேருக்கும் சேர்த்து ஒன்றரை ரூபாய். அங்கிருந்து தென்காசி நாற்பத்தாறு மைல். சிவகிரி தாண்டியதுமே வலது பக்கம் மேற்கு மலை கூடவே வரும், காற்றும் குளிர்ந்துவிடும். கோமதி ஜன்னலில் முகத்தை வைத்துக்கொண்டு வந்தாள். அந்தப் பயணத்தில் அவள் சந்தோஷமாக இருந்தது அந்த ஒரு மணி நேரம்தான்.

ஒன்பதரை மணிக்குக் கடையநல்லூருக்கு இரண்டு மைல் இருக்கும்போது இடது பின் டயர் வெடித்தது. சுடலைமுத்து பதறாமல் ஓரங்கட்டி நிறுத்தினார். டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியை எடுத்தபோது, அது இருந்த இடத்தில் ஒரு கைப்பிடி அரிசி சிந்திக் கிடந்தது. கழற்றிய டயரை உருட்டிப் பார்த்தேன். வெளி ஓரம் நன்றாக இருந்தது. உள் ஓரம் மொட்டையாகி, உள்ளே இருக்கும் நூல் தெரிந்தது.

இங்கே என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். டயர் விற்பவர் ஒருவர் இலவசமாகக் கொடுத்த படம் போட்ட சிறு புத்தகம் என்னிடம் இருந்தது. நடு தேய்ந்தால் காற்று அதிகம், ஓரம் தேய்ந்தால் காற்று குறைவு அல்லது பாரம் அதிகம் என்று அதில் போட்டிருந்தது. அதை வைத்துக்கொண்டு தெரிந்தவர்கள் காரையெல்லாம் குனிந்து பார்த்து வைத்தியம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அந்தப் படத்தில் தேய்ந்திருந்தது ஒரு ஓரமா, இரண்டு ஓரமுமா என்று நான் கவனித்ததே இல்லை.

அது எப்படிப்பட்ட வருஷம் என்பதும் உங்களுக்குத் தெரிய வேண்டும். கேரளத்துக்கு அரிசி கொண்டுபோகத் தடை இருந்தது. மலைக்கு அந்தப் பக்கம் அரிசிக்கு நல்ல விலை. எல்லையில் புளியரைச் சோதனைச் சாவடியில் காரின் சீட்டைத் தூக்கிப் பார்ப்பார்கள். செங்கோட்டைப் பக்கத்து டிரைவர் என்றாலே அரிசி கடத்துகிறவன் என்று எங்கள் ஊரில் வேடிக்கையாகப் பேசிக்கொள்வோம். ஓரம் தேய்ந்த டயர், டிக்கியில் அரிசி, வைகாசியில் நான்கு நாள் பண்பொழியில் நின்ற கார். என் மண்டைக்குள் மூன்றும் ஒன்றாகச் சேர்ந்துவிட்டன. தென்காசி போகும் வரை கோபம் ஏறிக்கொண்டே போனது.

கடையநல்லூரில் டியூப் கிடைக்குமா என்று நாலு கடை ஏறி இறங்கியதில் நேரம் போய், தென்காசிக்குப் பன்னிரண்டு மணிக்குத்தான் வந்தோம். பஸ் ஸ்டாண்டு அருகில் வாடகைக் கார்கள் நிற்கும் இடத்துக்கு எதிரே மைதீன் பாயின் ஒர்க்‌ஷாப். பாய் வெள்ளிக்கிழமைத் தொழுகைக்காகத் தன் ஊரான கடையநல்லூருக்குப் போயிருந்தார், சாயங்காலம்தான் வருவார் என்றார்கள். காரை விட்டு இறங்கி, தேய்ந்த டயரைத் தரையில் போட்டேன்.

"என் கார்ல எத்தனை மூட்டை ஏத்துன?" என்றேன்.

சுடலைமுத்துவுக்குப் புரியவில்லை. "என்ன மூட்டை ஐயா?"

"அரிசி மூட்டை. தங்கச்சி கல்யாணம்னு சொல்லிக் காரை வாங்கிட்டுப் போய் கேரளாவுக்கு அரிசி கடத்தியிருக்க. டயர் சொல்லுதே. டிக்கியில அரிசி கிடக்கே."

எதிரே நின்ற டிரைவர்கள் ஆறேழு பேர் சாலையைத் தாண்டி வந்துவிட்டார்கள். எல்லோரும் அவருக்குத் தெரிந்தவர்கள். அவர் மெதுவாகத்தான் பேசினார்.

"ஐயா, அரிசிய ஏத்துனதக் கண்ணால பாத்தியளா? பாரம் ஏத்துனா இப்பிடித் தேயாது. சாயங்காலம் வரைக்கும் இருங்க. மைதீன் பாய் வந்து சக்கரத்து அச்ச அளந்து பாக்கட்டும். அவரு சொன்னா கேட்டுக்கிடுதேன்."

"திருடனுக்கு நான் சாயங்காலம் வரைக்கும் காத்திருக்கணுமா? இவனை நம்பி யாரும் கார் கொடுக்காதீங்க." இதை நான் அவரிடம் சொல்லவில்லை, அந்த டிரைவர்களைப் பார்த்துச் சொன்னேன்.

கோமதி என் கையைப் பிடித்து இழுத்தாள். உதறினேன். சுடலைமுத்து கார்ச் சாவியை என் கையில் கொடுக்காமல் பானட்டின் மேல் வைத்தார். தன் துணிப்பையை எடுத்துக்கொண்டு செங்கோட்டை பஸ் நிற்கும் பக்கம் நடந்தார். கூடி நின்ற ஒருவரும் அவருடன் பேசவில்லை. அரிசி என்ற சொல் அந்த வருஷம் அப்படிப்பட்டது, பக்கத்தில் நிற்கிறவனையும் போலீஸ் கேட்கும்.

தென்காசியிலிருந்து குற்றாலம் மூன்றரை மைல். எனக்கு ஓரளவுதான் ஓட்டத் தெரியும், முக்கால் மணி நேரமானது. ஒரு நாளைக்கு எட்டு ரூபாய் வாடகையில், சமையல் பாத்திரங்களோடு ஒரு வீடு கிடைத்தது. சாமான்களை இறக்கும்போது கோமதி தன் அரிசிப் பையைத் தூக்கிக் காட்டினாள். நான்கு நாள் சமைக்க மதுரையிலிருந்து கொண்டு வந்தது, டிக்கியில் ஸ்டெப்னி பக்கத்தில் அவளே வைத்தது. பையின் மூலையில் விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை.

"இதான் அந்த அரிசி," என்றாள்.

"டயருக்கு என்ன சொல்ற?" என்று கேட்டேன். அவள் ஓட்டையை முடிச்சுப் போட்டுப் பையை உள்ளே தூக்கிப் போனாள், பேச்சு அதோடு நின்றது. எனக்கு வேண்டியதும் அதுதான்.

இரண்டு நாள் குளித்தோம். பேரருவியில் நல்ல தண்ணீர், ஐந்தருவியில் கூட்டம் குறைவு. எண்ணெய் தேய்த்துவிட ஒரு ரூபாய் வாங்கினார்கள். கோமதி குளித்துவிட்டு வந்து ஈரத் தலையோடு உட்கார்ந்திருப்பாள், என்னோடு பேச மாட்டாள். வீடு, ஐந்தருவி, தென்காசிக் கடைத்தெரு, பழைய குற்றாலம் என்று அந்தக் காரில் நானே அலைந்தேன். எல்லாம் சேர்த்து ஐம்பது அறுபது மைல் இருக்கும்.

நான்காம் நாள் காலை கிளம்பும்போது இடது பின் சக்கரத்தில் எதையோ துடைக்கக் கை வைத்தேன். ஸ்டெப்னியாக இருந்த புது டயர் அது. உள் ஓரத்தில் ரப்பர் அரம் போல் சொரசொரவென்று நின்றது. வலது டயரைத் தடவினேன், வழவழவென்று இருந்தது. காரில் பாரம் ஏதும் இல்லை. சுடலைமுத்து இல்லை.

ஒன்பது மணிக்கு மைதீன் பாயின் ஒர்க்‌ஷாப்பில் நின்றேன். அவர் பழைய டயரைக் கையில் எடுத்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார்.

"பாரம்னு சொன்னது ஆரு அண்ணாச்சி?"

நான் அங்கே கத்திவிட்டுப் போனது அவர் காதுக்கும் எட்டியிருந்தது.

"பாரம் ஏத்துனா ரெண்டு டயரும் தேயும், ரெண்டு ஓரமும் தேயும். இது ஒத்த டயரு, ஒத்த ஓரம். அச்சு வளைஞ்சிருக்கு."

ஜாக்கி வைத்துத் தூக்கினார். ஒரு மூங்கில் குச்சியை இரண்டு பின் டயர்களுக்கும் நடுவே, முன்பக்கம் பொருந்துகிற மாதிரி நறுக்கினார். அதே குச்சியை டயர்களின் பின்பக்கத்துக்குக் கொண்டுபோனார். நுழையவில்லை. அரை அங்குலம் இடித்தது. பிறகு கயிறு பிடித்து, வலது சக்கரம் நேராக இருக்கிறது, இடதுதான் வெளியே திரும்பியிருக்கிறது என்று காட்டினார். கார் நேராகப் போகும்போதும் அந்தச் சக்கரம் மட்டும் தரையைத் தேய்த்துக்கொண்டே வந்திருக்கிறது. இவ்வளவுக்கும் இருபது நிமிஷம்.

"எதுலயோ கொண்டுபோயி முட்டியிருக்கிய. இடது பக்கம் ஒடிக்கையில பின் சக்கரம் உள்ள வாங்கும்லா. புதுசா ஓட்டுதவுக கல்லுல விட்டுருவாக."

சித்திரையில் திருமங்கலம் அருகே நானே ஓட்டுகிறேன் என்று அடம்பிடித்து வாங்கி ஓட்டினேன். இடது பக்கம் திரும்பும்போது பின் சக்கரம் சிறுபாலத்துக் கல்லில் மோதி, கார் குலுங்கி நின்றது. "அச்சு வளைஞ்சிருக்கும், ஒர்க்‌ஷாப்புல காட்டிருவோம் ஐயா" என்று சுடலைமுத்து அப்போதே சொன்னார். நான் ஓட்டினால் உனக்கு ஏதாவது குறை சொல்லணும் என்று எரிந்து விழுந்தேன். அத்தனை டிரைவர்கள் முன்னால் நான் திருடன் என்று கத்தியபோது, இவர்தான் கல்லில் மோதினார் என்று ஒரு வார்த்தை அவர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என் மனைவி பக்கத்தில் நிற்கிறாளே என்று பார்த்திருப்பார்.

காரைப் பாயிடம் விட்டுவிட்டு ரயிலில் மதுரை திரும்பினோம். அன்றே பண்பொழி போயிருக்க வேண்டும். போகவில்லை. வெட்கம் என்று சொல்லலாம், ஆனால் அது பாதிதான். முதலாளி போய் டிரைவர் வாசலில் நிற்பதா என்ற திமிரும் இருந்தது. பதினைந்து நாள் கழித்து, அச்சை நிமிர்த்திப் பூட்டிய காரை எடுக்கத் தென்காசிக்கு வந்தேன். அன்றும் போகவில்லை. கோமதி தினமும் கேட்டாள். ஐப்பசியில்தான் போனேன்.

திருமலைக் கோயில் மலைக்குக் கீழே, தெருவின் கடைசி வீடு. சுடலைமுத்துவின் மனைவி செல்லம்மா வெளியே வந்தார். நான் யார் என்று சொன்னதும், உட்காரச் சொல்லவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை.

"அவரு இல்ல. ஜெயில்ல இருக்காவ."

"எதுக்கு?"

"அரிசி தூக்குனதுக்கு." நெல் அறுவடையைப் பற்றிச் சொல்வதுபோல் சொன்னார். "நீங்க தென்காசியில சொல்லிட்டுப் போனதுக்கு அப்பறம் கார் ஓட்ட ஒருத்தரும் கூப்புடல. ரெண்டு மாசம் அங்கன போயி நின்னு நின்னு பாத்தாவ. அரிசிக்காரங்கதான் வீடு தேடி வந்தாவ, பழக்கமுள்ள ஆளாமேன்னு கேட்டுக்கிட்டு. புள்ளைய பட்டினி கெடக்கையில என்ன செய்ய? தலைச்சுமையா மலை ஏறுனாவ. மூணாவது நடையில புடிச்சிட்டாவ."

"அம்மா, அவர் மேல தப்பே இல்லை. காரைக் கல்லுல மோதினது நான். நான்தான் பொய் சொல்லிட்டேன்."

"பொய்யி எங்க சொன்னிய?" என்றார் செல்லம்மா. "இப்பம் அது உண்மையாயிட்டுல்லா."

கதவைச் சாத்திக்கொண்டார். நான் கொண்டுபோன பழமும் பணமும் என் கையிலேயே இருந்தன. மறு வருஷம் போனபோது வீட்டில் வேறு யாரோ இருந்தார்கள். குடும்பத்தோடு கேரளத்துப் புனலூர்ப் பக்கம் போய்விட்டார்கள் என்று மட்டும் தெரிந்தது. அப்புறம் நான் அவரைப் பார்க்கவே இல்லை.

காரில் போகிறவர்களுக்கு என் யோசனை இவ்வளவுதான். நீண்ட பயணத்துக்கு முதல் நாள் பின் டயர்களின் உள் ஓரத்தைக் கையால் தடவிப் பாருங்கள், நின்று பார்த்தால் அது தெரியாது. இரண்டு டயரிலும் இரண்டு ஓரமும் தேய்ந்திருந்தால் காற்றையும் பாரத்தையும் பாருங்கள். ஒரு டயரில் ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் அளக்கத் தெரிந்தவரிடம் காட்டுங்கள், அதுவரை யாரையும் குற்றம் சொல்லாதீர்கள். நேரம் இருந்தால் பண்பொழிக்கும் போய் வாருங்கள். தென்காசியிலிருந்து செங்கோட்டை வழியாக ஒன்பது மைல்தான், அப்போதே சாலை நன்றாக இருந்தது. அந்த ஒன்பது மைல் போக எனக்கு மூன்று மாதம் ஆனது.