கூட்டி வைத்த பட்டை

ஞாயிற்றுக்கிழமை காலையில், மலேசியாவில் அசாம் ஜாவா என்கிற ஊரில் இருக்கும் எங்கள் பட்டறைக்கு வரும் கார்களுக்கு எந்தக் கோளாறும் இருக்காது. சும்மா வரும். முன்மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு நாலு பேர் சுற்றி நின்று எஞ்சினைப் பார்ப்பார்கள், ஐஸ் கோப்பி குடிப்பார்கள், மூடிவிட்டுப் போய்விடுவார்கள். நான் நாமக்கல்காரன். இருபது வருஷம் லாரிக்கு ஸ்பிரிங் கட்டியவன். எங்கள் ஊரில் ஒரு வண்டியைப் பார்த்தால் அது எத்தனை டன் ஏற்றும் என்றுதான் முதலில் கேட்போம். வந்த புதிதில் சேகரின் காரைப் பார்த்து அதையே கேட்டுத் தொலைத்தேன். "இது எவ்வளவு வெயிட்டுங்க தாங்கும்?" அங்கே நின்றவர்கள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! "அண்ணே, இது மசில் கார் லா. இது ஒண்ணும் தூக்காது. ரோட்டக் கிழிக்கும், அவ்ளோதான்" என்றார் சேகர்.

சேகர் கோலசிலாங்கூர் பக்கம் ஓர் எஸ்டேட் லயத்து வரிசை வீட்டில் பிறந்தவர். ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். என்னைவிட ஏழெட்டு வயது இளையவர். அவருடைய கார் அரை நூற்றாண்டு பழைய அமெரிக்கக் கார். இரண்டே கதவு, எட்டு சிலிண்டர், கிளப்பினால் பட்டறைத் தகரம் அதிரும். பத்து வருஷம் ஆசைப்பட்டு வாங்கினாராம். அதற்குப் பின்பக்கம் நல்ல அகலமான டயர் போட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். பட்டறை முதலாளி குணா இருநூற்று ஐம்பத்தைந்து மில்லிமீட்டர் அகலம் போதும் என்றார். சேகருக்கு இருநூற்றுத் தொண்ணூற்றைந்துதான் வேண்டும். பின்னாலிருந்து பார்த்தால் கார் உட்கார்ந்திருக்கிற மாதிரி தெரிய வேண்டுமாம். அந்த அகல டயரை மாட்டினால் மட்கார்டு விளிம்பில் உரசும். குணா இரண்டு வழி சொன்னார். ஒன்று, அடுக்கடுக்கான பின் ஸ்பிரிங் பட்டைகளைக் கழற்றி எறிந்துவிட்டு சுருளான காயில் ஸ்பிரிங்கும் இணைப்புத் தண்டுகளும் போடுவது. டயர் உள்ளே தள்ளி உட்கார இடம் கிடைக்கும், ரோட்டைக் கவ்விக்கொண்டு ஓடும், ஆனால் சாமான் வெளிநாட்டிலிருந்து வர இரண்டு மாதம் ஆகும். இன்னொன்று, பட்டையை அப்படியே வைத்துக்கொண்டு டயரின் அகலத்தைக் குறைப்பது.

"ரெண்டு மாசம்லாம் முடியாது போஸ். தங்கச்சி கல்யாணத்துக்கு மூணு வாரந்தான் இருக்கு. பொண்ணு மாப்ள பின்னால ஒக்காந்து கோயிலுக்கு வரணும். பெரிய டயரே போடுங்க, உரசாம பாத்துக்குங்க" என்று முதலாளியிடம் சொல்லிவிட்டு சேகர் போய்விட்டார். குணா விளிம்பை உள்பக்கம் மடிக்கச் சொல்லி என்னிடம் விட்டுவிட்டு ரவாங்குக்கு சாமான் வாங்கப் போனார்.

நான் விளிம்பை மடித்தேன். அத்தோடு நின்றிருந்தால் இதை எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது. பின் ஸீட்டில் ஆள் உட்கார்ந்தால் இன்னும் உரசுமே என்று என் புத்தி ஓடியது. நாமக்கல்லில் ஒரு லாரி பின்னால் குந்தினால் டிரைவர் இறங்கி வந்து, "ஒரு பட்டை கூட்டி வைங்கண்ணா" என்பார். கூட்டி வைப்போம். வண்டி நிமிர்ந்துவிடும். காலியாக ஓடும்போது அந்த லாரி எப்படித் துள்ளும் என்று நாங்கள் யோசித்ததே இல்லை. எங்கள் ஊரில் எந்த முதலாளி லாரியைக் காலியாக ஓட்டுவார்? பட்டறை மூலையில் கிடந்த பழைய பட்டையை அளவுக்கு வெட்டி, பக்கத்துக்கு ஒன்று கூட்டி வைத்துக் கட்டினேன். கார் பின்னால் இரண்டு விரல்கடை உயர்ந்தது. யாரிடமும் சொல்லவில்லை. மறைக்க நினைத்தும் அல்ல. அது சொல்ல வேண்டிய விஷயமாகவே எனக்குத் தோன்றவில்லை.

கல்யாணத்தன்று பொண்ணும் மாப்பிள்ளையும் நடுவில் ஒரு குழந்தையுமாகப் பின்னால் உட்கார, கார் ஓர் உரசல் சத்தம்கூட இல்லாமல் எஸ்டேட் கோயில் வாசலில் வந்து நின்றது. சேகர் என்னை இழுத்துக்கொண்டு போய் சொந்தக்காரர்கள் நடுவே நிறுத்தினார். "இவருதான் நம்ம இந்தியாக்கார அண்ணன். இவரு கை வச்ச வண்டி." எனக்கு வேட்டி எடுத்துக் கொடுத்தார்கள், முதல் பந்தியில் உட்கார வைத்தார்கள். மூன்று வருஷத்தில் அன்றுதான் இந்த நாட்டில் நான் வயிறாரச் சாப்பிட்டேன்.

ஒன்பது நாள் கழித்து சேகர் தனியாக செகிஞ்சான் என்கிற மீனவ ஊருக்கு மீன் வாங்கக் கிளம்பினார். நல்ல மழை. அந்தக் கடலோர ரோடு இளகிய மண்மேல் போட்டது, அலை அலையாக ஏறி இறங்கும். காலிக் கார். என் பட்டை விறைத்துக்கொண்டு நின்றிருக்கிறது. ஒரு மேட்டில் பின்பக்கம் துள்ளியிருக்கிறது. விழுந்த இடத்தில் தேங்கிய தண்ணீர்மேல் அந்த அகல டயர் வழுக்கியிருக்கிறது. கார் வயல் வாய்க்காலில் தலைகுப்புறக் கிடந்தது. உயிர் பிழைத்தார். வலது காலை முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள்.

நொறுங்கிய காரைக் கட்டி இழுத்துப் பட்டறைக்குத்தான் கொண்டுவந்தார்கள். குணா குனிந்து அடியில் பார்த்தார். பட்டைகளை எண்ணினார். மறுபடியும் எண்ணினார்.

"இது யாரு போட்டது?"

"நான்தானுங்க. ஆள் ஏறுனா உரசக் கூடாதுன்னு..."

"ஐயோ அண்ணே! இது லோரி இல்லண்ணே!" என்று தலையில் கை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு வாசலைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "நாளைக்கு இன்சூரன்ஸ்காரன் வர்றான். கழட்டிப் போடுங்க. தெரிஞ்சா ஒங்க வேல பெர்மிட் போச்சு, என் கடை போச்சு, சேகருக்கும் ஒண்ணும் கெடைக்காது. வாயத் தொறக்காதீங்க."

கழற்றினேன். என் பெர்மிட்டுக்காகக் கழற்றினேனா, சேகருக்காகவா என்று நீங்கள் கேட்டால் என்ன சொல்ல? ஊரில் மகள் பிளஸ் டூ படிக்கிறாள். போல்ட்டைத் திருகும்போது அவள் முகம்தான் கண்ணில் நின்றது, சேகர் முகம் இல்லை. அப்படிப்பட்ட பாவி நான்.

ஆனாலும் மனசு கேட்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனேன். கட்டிலில் போர்வை ஒரு பக்கம் தட்டையாகக் கிடந்தது. "தம்பி, தப்பு என்மேலதானுங்க" என்றேன். அவ்வளவுதான் வாயில் வந்தது. சேகர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அப்டிலாம் சொல்லாதீங்கண்ணே. நான்தான் மழையில வேகமா அமுக்கிட்டேன். ஒங்க வேல நல்ல வேல. கல்யாணத்தன்னைக்கு ஒரு உரசல் சத்தம் வந்துச்சா?" மரியாதைக்குச் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டார். இல்லை, கேளுங்க என்று ஆரம்பிப்பதற்குள் அவருடைய மனைவி மாலா கஞ்சியோடு உள்ளே வந்தார். பாத்திரத்தை வாங்கி மேசைமேல் வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

இப்போது லீவு கிடைக்கும்போதெல்லாம் அவர்கள் வீட்டுக்குப் போகிறேன். சேகரைத் தூக்கி சக்கர நாற்காலியில் வைக்க மாலாவால் தனியாக முடிவதில்லை. குளிப்பாட்டுகிறேன், உடை மாற்றுகிறேன். "கூடப் பொறந்தவங்ககூட இப்டி வர மாட்டாங்கண்ணே" என்று மாலா சோறு போடும்போது தட்டைத் தள்ளிவிட்டு ஓடிவிடலாமா என்றிருக்கும். ஓடவில்லை. தின்கிறேன். வெளிநாட்டில் இருக்கும் நம்மவர்களுக்கு இது புரியும் என்று நினைக்கிறேன்: ஒரு வீட்டில் நமக்கென்று ஒரு தட்டு வைத்துவிட்டால் அதை இழக்கத் துணிவு வராது. அந்தத் தட்டுக்கு நான் லாயக்கில்லாதவன் என்பது எனக்கும் குணாவுக்கும் மட்டும் தெரியும்.

அவர்கள் வீட்டில் கார் நிறுத்திய இடம் காலியாகக் கிடக்கிறது. அங்கே உட்கார்ந்துதான் இதை நோட்டில் எழுதினேன். எங்காவது ஓரிடத்தில் உண்மையைச் சொல்லியாக வேண்டும். ஊரில் இருக்கிற உங்களுக்குச் சொன்னால் பெர்மிட் போகாது. இவ்வளவும் எழுதி முடித்த நேரத்தில் சேகர் நாற்காலியை உருட்டிக்கொண்டு பக்கத்தில் வந்தார்.

"என்னண்ணே எழுதுறீங்க?"

"ஊருக்குங்க."

கையை நீட்டினார். கொடுக்காமல் இருக்க முடியுமா? கொடுத்தேன். மிச்சமிருக்கிற தொடையில் நோட்டை வைத்து ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். தெரியாமலே தன் பெயர் இருந்த வரியின்மேல் விரலை வைத்துக்கொண்டு, "நம்ம எழுத்து எவ்ளோ அழகா இருக்கு பாருங்க. நான் மலாய் ஸ்கூல்லதான் படிச்சேன், தமிழ் வாசிக்கத் தெரியாது" என்றார். "என்னப் பத்தி ஏதும் எழுதுனீங்களா?"

"எழுதியிருக்கேனுங்க."

"வாசிச்சுக் காட்டுங்களேன் லா."

நோட்டை வாங்கினேன். முதல் பக்கத்தைத் திருப்பி, அதில் இல்லாததை வாசிக்க ஆரம்பித்தேன். எனக்கு இங்கே சேகர் என்று ஒரு தம்பி இருக்கிறார், அவர் வீட்டில் என்னை அண்ணனாக வைத்துக்கொண்டிருக்கிறார்கள், நான் நன்றாக இருக்கிறேன் என்று. மாலாவும் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார். சேகர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே இருந்தார். நான் நிறுத்தியதும், "இன்னும் வாசிங்கண்ணே" என்றார்.