ஆறாவது சேனல்

ஒருவருடைய குரல் தேய்வதை நான் முதலில் கண்ணால்தான் பார்த்தேன். எங்கள் சர்ச்சில் மைக்குகளின் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் மிக்சரின் திரையில், ஆறாவது சேனலின் ஓரத்தில், மேலிருந்து கீழே இறங்கும் ஆரஞ்சு நிற விளக்கு வரிசை ஒன்று உண்டு. பாடுகிறவர் குரலை உயர்த்தினால் அது கீழே இறங்கும், தாழ்த்தினால் மேலே ஏறி அணைந்துவிடும். பாடகர் குழுவில் தனிப்பாட்டு பாடும் கொயர் அக்காவின் மைக் அது; அவர் பாடும்போது அந்த வரிசை அடிவரை இறங்கி ஏறும். அந்த வருடம் கிறிஸ்துமஸ் ஆராதனைகள் முடிந்தபோது அது பாதி தூரம்தான் இறங்கியது. ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்கள் தொடங்கியபோது மேல் விளக்கு மட்டும் எப்போதாவது மினுக்கியது. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, அக்கா கண்ணை மூடிப் பாடிக்கொண்டிருக்கிறார், சபை உருகிக் கேட்டுக்கொண்டிருக்கிறது, திரையில் ஒரு விளக்குகூட எரியவில்லை.

நான் திருமங்கலத்தில் ஒரு பள்ளியில் இயற்பியல் டீச்சர். மிக்சர் என் தலையில் விழுந்ததற்கு அதுதான் காரணம். சபையிலிருந்து வெளிநாட்டு வேலைக்குப் போன ஒருவர் அந்த டிஜிட்டல் மிக்சரை வாங்கி அனுப்பியிருந்தார். அதை யார் இயக்குவது என்பதில் ஆண்களுக்குள் இரண்டு கட்சி உண்டானது. ஒரு கட்சிக்காரர் கையில் கொடுத்தால் மறு கட்சி சாப்பாட்டு விருந்துக்குக்கூட வராது என்ற நிலை. கடைசியில் செயலாளர் என்னைப் பிடித்தார். "டீச்சர், நீங்க பிசிக்ஸ்தான? சவுண்டும் பிசிக்ஸ்தான? அப்புறம் என்ன?" என்றார். பொருத்திக் கொடுக்க வந்த கடைக்காரப் பையன் மடமடவென்று ஏதேதோ அமுக்கிவிட்டு, "இந்தப் பக்கத்த மட்டும் தொட்டுறாதீங்க மேடம்" என்று ஒரு திரையைக் காட்டிவிட்டுப் போனான். அவன் பைக் தெருமுனை தாண்டியதும் நான் தொட்ட முதல் பக்கம் அதுதான்.

அதில் ப்ளக்-இன்கள் இருந்தன. திரைக்குள் மட்டுமே இருக்கும் கருவிகள் அவை. வேண்டிய சேனலில் வேண்டியதைச் செருகிக்கொள்ளலாம். அக்காவின் சேனலில் இரண்டு வேலைகள் செய்யும் ஒன்றைச் செருகினேன். முதல் வேலைக்குக் கேட் என்று பெயர். மைக்கில் விழும் சத்தம் ஓர் அளவுக்குக் கீழே போனால் அது வழியை மூடிவிடும். ஃபேன் இரைச்சல், இருமல், பாட்டுக்கு நடுவே பேசும் பேச்சு எதுவும் வெளியே வராது. இரண்டாவது வேலை கம்ப்ரஸர். நாம் போட்டுவைத்த எல்லையைக் குரல் தாண்டும்போதெல்லாம் அது அமுக்கிப் பிடிக்கும். எவ்வளவு அமுக்குகிறது என்பதைத்தான் அந்த ஆரஞ்சு விளக்குகள் காட்டும். அமுக்கிய பிறகு மொத்தத்தையும் ஒரு படி தூக்கிவிட்டால், மெதுவாகப் பாடிய சொல்லும் கடைசி பெஞ்சுக்குப் போய்ச் சேரும்.

இதையெல்லாம் சரிசெய்ய ஒரு சனிக்கிழமை மத்தியானம் அக்காவை மட்டும் வரச் சொன்னேன். ஆளில்லாத சர்ச்சில் அவர் ஒரே கீர்த்தனையைத் திரும்பத் திரும்பப் பாட, நான் எல்லையை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தேன். நான் முதலில் வைத்த அளவு அவருக்குப் பிடிக்கவில்லை. "எம்புட்டுச் சத்தமாப் பாடினாலும் ஒரே மாதிரிதான் கேக்குது டீச்சர். சேலைத் தலைப்ப யாரோ பின்னாடி பிடிச்சுக்கிட்ட மாதிரி இருக்கு" என்றார். கம்ப்ரஸர் குரலைப் பிடிக்கும் வேகத்தைக் கொஞ்சம் தாமதமாக்கினேன். சொல்லின் முதல் எழுத்து அடிபடாமல் தப்பி வெளியே வந்தது. மறுபடி பாடிப் பார்த்துவிட்டு, "இப்ப விட்டுட்டாங்க" என்று சிரித்தார். அவ்வளவு பெரிய குரல் அது. சர்ச் வாசலில் திரும்பும் மேலூர் பஸ்ஸின் ஹார்னையும் மீறிக் கேட்கும். அந்தக் குரலைக் கட்டுப்படுத்தத்தான் அன்றைக்கு அத்தனை பாடுபட்டோம்.

விளக்கே எரியாத அந்த ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து எல்லோரும் வெளியே நின்று பேசிக்கொண்டிருந்தபோது அக்கா மிக்சர் அருகே வந்து நின்றார். என் முகத்தைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது. நுரையீரலில் நோய் என்றும், மருந்து பிடிக்கவில்லை என்றும், மூச்சு பாதி வரிக்குத்தான் வருகிறது என்றும் வேறு யாருடைய கதையையோ சொல்வதுபோலச் சொன்னார். நோய் அவருடைய கணவருக்கும் தெரியும். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறவரே அவர்தான். குரல் போய்விட்டது என்பதுதான் அவருக்குத் தெரியக் கூடாது என்றார்.

அவருடைய கணவர்தான் எங்கள் கொயர் மாஸ்டர். கீபோர்டு வாசிப்பவரும் அவரே. குரல் தளர்ந்தவர்களைத் தனிப்பாட்டிலிருந்து எடுத்துக் கோரஸில் நிறுத்திவிடுவது அவர் வைத்த சட்டம். சொந்த அண்ணனையே அப்படிப் பின்வரிசைக்கு அனுப்பி, ஒரு வருடம் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தவர். பெரிய வெள்ளிக்கிழமை மும்மணி ஆராதனையில் இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளில் ஐந்தாவதுக்குப் பிறகு வரும் தனிப்பாட்டு, கல்யாணத்துக்கு முன்பிருந்தே அக்காவுடையது. அந்தப் பாட்டைக் கேட்டுத்தான் மாஸ்டர் அவரைப் பெண் கேட்டார் என்று கொயர் பெண்கள் கேலி பேசுவார்கள். "இந்த வருசம் மட்டும் பாடிட்டேன்னா போதும் டீச்சர். அவரு காதுக்கு எட்டாமப் பாத்துக்குங்க. உங்க மிசினு அதச் செய்யும்ல?" என்றார் அக்கா. செய்யும் என்றேன்.

செய்யத்தான் செய்தது. வாரா வாரம் சனிக்கிழமை போய் உட்கார்ந்து எல்லையை இறக்கினேன். கேட் அவருடைய சொற்களின் வாலைக் கடித்துக்கொண்டிருந்தது, அதையும் இறக்கினேன். பிறகு மொத்தத்தையும் தூக்கினேன். மாஸ்டரின் காலடியில் இருக்கும் ஸ்பீக்கருக்கும் அப்படித் தூக்கிய குரலையே அனுப்பினேன். குரலைத் தூக்கினால் மூச்சும் சேர்ந்து எழும். ஒவ்வொரு வரிக்கு முன்னாலும் அக்கா மூச்சை இழுப்பது கடைசி பெஞ்ச் வரை கேட்டது. அதைக் கேட்டுச் சபை அழுதது. "அக்கா முன்னைக்கு இப்பதான் ஆவியில நெறஞ்சு பாடுறாங்க" என்று போதகரே பிரசங்க மேடையிலிருந்து சொன்னார். அக்கா தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு அந்த இடத்தை விட்டு எழுந்து ஓடிவிடலாம்போல் இருந்தது. ஒரு நோயை இத்தனை பேர் பக்தி என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அப்படிக் கேட்க வைத்த கருவியின் மேல் என் விரல் இருந்தது.

பெரிய வெள்ளிக்கிழமைக்குள் அந்த ஆறாவது சேனல் விளிம்பில் நின்றது. இன்னும் ஒரு நூல் ஏற்றினால் ஸ்பீக்கர் கீச்சென்று கத்தும், குட்டு வெளிப்பட்டுவிடும். ஃபேன் சத்தம்கூட மைக்கில் அருவியாக விழுந்தது. அந்தப் பாட்டு வரும்போது ஃபேன்களை நிறுத்திவிடுங்கள் என்று, சர்ச்சில் மணியடித்து எடுபிடி வேலை பார்க்கும் கோயில்பிள்ளையிடம் கேட்டேன். "டீச்சர், மத்தியான வெயிலு. சனம் வெந்து போகும். ஐயா என்னைய வைவாரு" என்று முனகினார். ஆனால் நிறுத்தினார். மதுரை வெயிலில் முந்நூறு பேர் விசிறிக்கொள்ளவும் மறந்து உட்கார்ந்திருக்க, அக்கா பாடினார். ஸ்பீக்கர் கத்தவில்லை. பாட்டு முடிந்ததும் ஒருவரும் இருமக்கூட இல்லை. மாஸ்டர் கீபோர்டிலிருந்து தலையை நிமிர்த்தவே இல்லை. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன். உண்மையில் அப்படித்தான் நினைத்தேன், சந்தோஷமாகவும் இருந்தது.

மழைக்காலம் தொடங்குவதற்குள் அக்கா இறந்துபோனார்.

அடக்கம் முடிந்து சில வாரங்கள் கழித்து, ஒரு சனிக்கிழமை மத்தியானம் மாஸ்டர் சர்ச்சுக்கு வந்தார். நான் மறுநாள் ஆராதனைக்கு மிக்சரைத் தயார் செய்துகொண்டிருந்தேன். ஒவ்வொரு மைக்கையும், ப்ளக்-இன்னுக்குள் போகும் முன்பே, தனித்தனியாக லேப்டாப்பில் பதிவு செய்வது என் வழக்கம். அந்தப் பதிவை அதே சேனல் வழியாகத் திருப்பி ஓட்டினால், ஆளே இல்லாமல் முழு ஆராதனையையும் மறுபடி கேட்டுப் பார்த்து அளவுகளைச் சரிசெய்யலாம். மாஸ்டருக்கு இது தெரியும். "பெரிய வெள்ளிக்கிழமைப் பாட்டு இருக்கா டீச்சர்?" என்றார். இருக்கிறது என்று சொல்லி ஆறாவது சேனலைத் திறந்தேன். காலிப் பெஞ்சுகளின் மேல் அக்காவின் குரல் எழுந்தது. யாருமில்லாத பீடத்தின் முன்னால், அவர் எப்போதும் நிற்கும் இடத்திலிருந்தே அவர் பாடுவதுபோல் இருந்தது. பார்க்கக் கூடாது என்று நினைத்தும் அந்தப் பக்கம் பார்த்துவிட்டேன்.

முதல் வரி முடிவதற்குள் மாஸ்டர் கையைக் காட்டினார். "இது வேணாம். அந்த மிசின எடுத்துட்டுப் போடுங்க."

நான் திரும்பி அவரைப் பார்த்தேன். "எனக்குத் தெரியும் டீச்சர். வீட்டுல மிக்சரு இல்லையே" என்றார். அக்கா அடுப்படியில் பாடிக்கொண்டேதான் வேலை செய்வாராம். கிறிஸ்துமஸுக்குப் பிறகு அந்தப் பாட்டு நின்றுபோயிருக்கிறது. தன் குரலை அவர் கேட்டுவிடக் கூடாது என்று அக்கா வாயைத் திறக்கவில்லை. திறக்காததிலேயே மாஸ்டருக்குத் தெரிந்துவிட்டது. அவர் பங்குக்கு அவரும் ஒரு காரியம் செய்திருக்கிறார். கீபோர்டில் ஒரு பொத்தானை அமுக்கினால் பாட்டு முழுவதும் சுருதி இறங்கிவிடும். வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, அக்காவுக்குத் தெரியாமல் அந்தப் பாட்டை அவருடைய மூச்சுக்கு எட்டும் இடத்தில் கொண்டுவந்து வைத்திருக்கிறார். எனக்கு டெசிபல் தெரியும், சுருதி தெரியாது. அதனால் நானும் கவனிக்கவில்லை. "எட்டாம நின்னுட்டான்னா அவ மனசு விட்டுப் போகும்ல. அவளுக்குக் கடைசி வரைக்கும் தெரியாது" என்றார். அதில் அவருக்குச் சிறிய பெருமைகூட இருந்தது.

ப்ளக்-இன்னை எடுத்துவிட்டுப் பதிவை மறுபடி ஓட்டினேன். ஒரு பழைய துணியைப்போல நைந்த குரல் வந்தது. பாதி வரியில் நின்று, மூச்சைத் தேடி எடுத்துக்கொண்டு, மீதியைத் தொட்டது. மாஸ்டர் கைகளைக் கட்டிக்கொண்டு கேட்டார். அவர் மனைவியின் கடைசிக் குரலை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்கிறார் என்று எனக்கு உறைத்தது. இரண்டு சரணங்களுக்கு நடுவே கீபோர்டு மட்டும் வாசிக்கும் இடம் வந்தது. ஆராதனையில் அந்த இடத்தில் கேட் மூடியிருந்தது. இப்போது கேட் இல்லை. ஏதோ கிசுகிசுப்புக் கேட்டது. "கூட்டுங்க" என்றார் மாஸ்டர். நிறுத்திப் பின்னால் இழுத்து, ஒலியைக் கூட்டி வைத்தேன்.

அக்காவின் பக்கத்தில் நின்று பாடும் பேரையூர்ப் பெண்ணின் குரல் அது. காலேஜில் படிக்கிறவள், காது கூர்மையானவள். "அக்கா, சுருதி எறங்கியிருக்கே" என்றாள். மைக்கை இடுப்போடு தாழ்த்தியிருக்க வேண்டும், அக்காவின் பதில் தூரத்திலிருந்து வந்தது. "இருக்கட்டும்டி. எனக்காகத்தான் எறக்கியிருக்காரு. நீ கண்டுக்காத. எனக்குத் தெரியும்னு அவருக்குத் தெரிய வேணாம்." பிறகு ஒரு மூச்சு. பிறகு அடுத்த சரணம்.

பாட்டு முடியும்வரை மாஸ்டர் அசையவில்லை. முடிந்த பிறகும் பதிவு ஓடிக்கொண்டிருந்தது. அக்கா தண்ணீர் குடிப்பதும், நாற்காலியை இழுத்து உட்காருவதும் கேட்டன. பதிவை உங்கள் போனில் ஏற்றித் தரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையசைத்தார். கதவுவரை போய் நின்று, என்னைத் திரும்பிப் பார்க்காமலே கேட்டார். "அம்புட்டும் ரெண்டு பேருக்கும் தெரிஞ்சிருக்கு. அப்புறம் எதுக்கு டீச்சர் வீட்டுல ஊமையா உக்காந்திருந்தோம்?"

இப்போது ஆறாவது சேனலில் அந்தப் பேரையூர்ப் பெண் பாடுகிறாள். நல்ல குரல். விளக்குகள் ஒழுங்காக இறங்கி ஏறுகின்றன. ஆனால் அவளுக்குக் கேட் போட என்னால் முடியவில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்தப் பக்கத்தைத் திறக்கிறேன், விரல் நின்றுவிடுகிறது. ஃபேன் இரைகிறது என்று கமிட்டியில் புகார் சொல்கிறார்கள். பார்க்கிறேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன். மாஸ்டர் முன்போலவே ஞாயிறுதோறும் வந்து கீபோர்டு வாசிக்கிறார். ஆராதனை முடிந்து எல்லோரும் போன பிறகும் வீட்டுக்குக் கிளம்பாமல் உட்கார்ந்திருப்பார். நான் அவர் காலடி ஸ்பீக்கரைக் கடைசியாகத்தான் அணைக்கிறேன்.