ஐந்தாவது வீட்டுக் கையெழுத்து

நாலாம் வகுப்பில் எழுத்துக் கூட்டி வாசிக்க வராத பிள்ளைகள் நாங்கள் ஏழு பேர். பள்ளிக்கூடத்துச் செய்திகளை வீடு வீடாகக் கொண்டுபோய் வாசித்துக் காட்டும் வேலையை டீச்சர் எங்கள் ஏழு பேரிடம்தான் ஒப்படைத்திருந்தார்.

கேட்டால் சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் டீச்சர் யோசித்துத்தான் செய்தார். தாராவியில் எங்கள் சந்தில், கல்லி என்போம், பெரியவர்கள் பாதிப் பேருக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. நன்றாக வாசிக்கிற பிள்ளைகளுக்குப் பழக்கம் தேவையில்லை, எங்களுக்குத்தான் தேவை. அதனால் சனிக்கிழமை பள்ளி விட்டதும் ஏழு பேரையும் உட்காரவைத்து, கையால் எழுதி ஜெராக்ஸ் எடுத்த தாள் ஒன்றைக் கொடுப்பார். ஊசி போட வருகிறார்கள், சீருடை வந்துவிட்டது, குழாய் சரியாகிவிட்டது என்று அந்த வாரத்துச் செய்திகள் அதில் இருக்கும். அவர் இரண்டு தரம் வாசிப்பார், நாங்களும் கூடவே வாசிப்போம். பிறகு ஆளுக்கு ஐந்து வீடு. கேட்டவர்கள் தாளின் பின்பக்கம் கையெழுத்துப் போட வேண்டும். திங்கட்கிழமை ஐந்து கையெழுத்தோடு தாள் டீச்சரிடம் திரும்பினால், ஐந்து வீட்டுக்கும் செய்தி போய்விட்டது என்று அர்த்தம்.

மற்ற ஆறு பேரும் வாசலில் நின்று திணறுவார்கள். ஒரு வரி முடிவதற்குள் கேட்கிறவர்கள் அடுப்பைப் பார்க்கப் போய்விடுவார்கள். நான் திணறவில்லை. எனக்கு எழுத்து ஒவ்வொன்றும் தெரியும். நாலு எழுத்து சேர்ந்து நின்றால்தான் ஆள் அடையாளம் தெரியாமல் போய்விடும். ஆனால் காது நல்ல காது. டீச்சர் இரண்டு தரம் வாசித்தால் தாள் முழுவதும் மனப்பாடம். அதை முகத்துக்கு நேரே பிடித்து, விரலை வரி வரியாக நகர்த்திக்கொண்டு ஒப்பிப்பேன். மறந்த இடத்தில் சொந்தமாக ஒன்றைப் போட்டுக்கொள்வேன். குழாய் சரியாகிவிட்டது என்று இருந்தால், தண்ணீர் ஐஸ் போல வருகிறது என்பது என்னுடைய சேர்மானம். "இந்தப் பிள்ள என்னமா வாசிக்கி!" என்று நாலு வீட்டில் சொன்னார்கள்.

ஐந்தாவது வீடு எங்கள் சுவரை ஒட்டிய கோலி, ஒற்றை அறை வீடு. அங்கிருந்த அத்தை எங்களுக்குச் சொந்தமில்லை. எங்களைப் போலவே திருநெல்வேலிப் பக்கத்துக்காரி, அதனால் அத்தை. வீட்டில் உட்கார்ந்து ரெடிமேட் சட்டைகளில் நூல் வெட்டுவாள். அவளுடைய மகள் என் வகுப்புதான், வகுப்பிலேயே நன்றாக வாசிக்கிறவள். நான் சேர்த்துச் சொல்வதெல்லாம் அவளுக்குத் தெரியும். வாயைப் பொத்திக்கொண்டு தன் முட்டியைப் பார்த்துச் சிரிப்பாளே தவிர, காட்டிக் கொடுத்ததில்லை.

எங்கள் பள்ளிக்கூடம் நாலாம் வகுப்போடு சரி. அதற்கு மேல் தமிழில் படிக்க எங்கே போவது என்பது அந்த வருஷம் முழுக்கப் பேச்சாக இருந்தது. அத்தை வீட்டு மாமாவுக்குத் தோல் பை தைக்கிற பட்டறையில் வேலை. அவர் தெளிவாகச் சொல்லிவிட்டார். "இந்தப் பக்கம் அஞ்சாப்பு இருந்தா இங்க படிக்கட்டும். இல்லன்னா ஊர்ல எங்க அக்கா வீட்டுல கொண்டு விட்டுருதேன். பொட்டப் பிள்ளய பஸ்ஸுல ஏத்தி செம்பூருக்கெல்லாம் அனுப்ப முடியாது." அன்றிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் நான் தாளை மடிக்கும்போது அத்தை கேட்பாள், "அஞ்சாப்பப் பத்தி ஏதும் போட்டிருக்கா?" இல்லை என்பேன். மறுபடியும் நூல் வெட்டத் தொடங்குவாள். மகள் தன்னோடு இருப்பாளா, போய்விடுவாளா என்பது அந்தத் தாளில்தான் வர வேண்டியிருந்தது.

வருஷக் கடைசித் தாள் ஏப்ரலில் வந்தது. இரண்டு பக்கம். டீச்சர் அதைக் கொடுத்துவிட்டு, வாசித்துக் காட்டுவதற்கு முன்னால் அலுவலக அறைக்குப் போனார். அந்த நேரம் பார்த்து யாரோ, கும்பார்வாடாப் பக்கம் மண் ஏற்றிவந்த லாரி சாக்கடையில் சாய்ந்து கிடக்கிறது, தூக்கக் கிரேன் வருகிறது என்று கத்திக்கொண்டு ஓடினார்கள். என் கால் அன்றைக்கும் இன்றைக்கும் ஒன்றுதான். வெளியே ஒன்று நடந்தால் உள்ளே நிற்காது. தாளோடு போய்விட்டேன். லாரி எழுந்து நின்று, சக்கரத்தில் ஒட்டிய மண்ணெல்லாம் விழுந்து தீரும்வரை பார்த்துவிட்டுத் திரும்பினால் வகுப்பறை பூட்டியிருந்தது.

அந்தத் தாளை யாரும் எனக்கு வாசித்துக் காட்டவில்லை. இருந்தாலும் ஐந்து வீடு பாக்கி இருந்தது. முதல் நாலு வீட்டிலும், எல்லாப் பிள்ளைகளும் பாஸ், ஜூனில் பள்ளி திறக்கும், வெயிலில் அலைய வேண்டாம் என்று வாசித்தேன். கையெழுத்துப் போட்டார்கள். அந்த வீடுகளில் நாலாம் வகுப்புப் பிள்ளை யாருமில்லை, அதனால் கெடுதலும் இல்லை.

ஐந்தாவது வீட்டு வாசல் நிலையில் வேப்பிலைக் கொத்து தொங்கியது. அத்தை மகளுக்கு நாலு நாளாக அம்மை. அம்மை போட்ட வீட்டுக்குள் யாரும் போக மாட்டார்கள், அங்கிருந்தும் யாரும் வெளியே வர மாட்டார்கள். தலைக்கு மூன்று தண்ணீர் ஊற்றி முடியும்வரை அப்படித்தான். மாமா பட்டறையிலேயே படுத்துக்கொண்டார்.

"ஏட்டி, அங்கனயே நில்லு. காயிதத்த உள்ள நீட்டாத. நின்னு வாசி, கேக்கேன்" என்றாள் அத்தை.

நாலு வீட்டில் வாசித்ததையே வாசித்தேன். உள்ளே பாயில் அத்தை மகள் முகம் முழுக்கக் கொப்புளத்தோடு, கண்ணைத் திறக்காமல் கிடந்தாள்.

"அஞ்சாப்பு?" என்றாள் அத்தை.

தாளைத் திருப்பினேன். இரண்டாம் பக்கத்தில் கட்டம் போட்டு, அடிக்கோடிட்டு, என்னவோ இருந்தது. முக்கியமானது என்று மட்டும் தெரிந்தது. அத்தை சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தைப் பார்த்துத் தெரியாது என்று சொல்ல எனக்கு வரவில்லை.

"இங்கயேதான் அத்தை. நம்ம ஸ்கூல்லயே. மாடியில புது ரூம் எடுக்காவளாம்."

"எங்க ஏட்டி, திருப்பி வாசி."

திருப்பி வாசித்தேன். இரண்டாம் தரத்தில் அந்த அறைக்கு இரண்டு ஃபேன் வந்துவிட்டது.

அத்தை உள்ளே திரும்பி, "ஏட்டி, கேட்டியா? இங்கயேதானாம்!" என்றாள். பாயில் கிடந்தவள் கண்ணைத் திறக்கப் பார்த்தாள், முடியவில்லை. நான் வாசிக்கும் லட்சணம் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். அன்றைக்கு அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கவில்லை.

கையெழுத்து பிறகு போடுவதாக அத்தை சொன்னாள். திங்கட்கிழமைக்குள் ஐந்து வேண்டுமே என்று, வீட்டுக்கு வந்து அதை நானே போட்டேன். அத்தை தன் பெயரில் முதல் எழுத்தை மட்டும் எழுதி, கீழே ஒரு கோடு இழுப்பாள். வாசிக்கத் தெரியாவிட்டாலும் பார்த்து வரைய எனக்கு நன்றாக வரும்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா வேலையிடத்தில் கேள்விப்பட்டு வந்து உண்மையைச் சொன்னார். மாட்டுங்கா பக்கம், நடந்தே போகிற தூரத்தில், இன்னொரு பள்ளியில் தமிழ் ஐந்தாம் வகுப்பு திறக்கிறார்கள். ஒரே அறைதான். திங்கள், செவ்வாய் இரண்டு நாளில் பெயர் கொடுக்கிறவர்களுக்கு மட்டும். அதற்குப் பிறகு கிடையாது. தாளிலேயே போட்டிருந்ததாமே, நீ ஏன் சொல்லவில்லை என்று என் தலையில் ஒன்று வைத்தார். அம்மாவுக்கு உடனே பக்கத்து வீட்டு ஞாபகம் வந்தது. ஆனால் ஊருக்குக் கிளம்பப் போகிற நேரத்தில் அம்மை வீட்டு வாசலை மிதிக்கப் பயம். "அங்க வாசிச்சியா?" என்று என்னைக் கேட்டாள். வாசித்தேன் என்றேன். அதில் பொய்யில்லை என்று எனக்குத் தோன்றியது.

திங்கட்கிழமை காலையில், தாளைக் கொடுக்கப் போகும் வழியில், சொல்லிவிடலாம் என்றுதான் அந்த வாசலில் நின்றேன். நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை பேசினாள்.

"ஏட்டி, நீ நல்லா இருப்ப. நாலு நாளா வாயத் தொறக்காதவ நேத்து ரெண்டு டம்ளர் கஞ்சி குடிச்சா. ரெண்டு ஃபேனாம்மான்னு கேட்டுச் சிரிக்கா!"

நாளைக்குச் சொல்லலாம் என்று பள்ளிக்கு ஓடிவிட்டேன். டீச்சர் ஐந்து கையெழுத்தையும் எண்ணிப் பார்த்துத் தாளைக் கோப்பில் வைத்துக்கொண்டார். மறுநாள் அத்தையின் சின்ன மகனுக்கும் அம்மை கண்டு, கதவு சாத்தியிருந்தது. தட்டியிருக்கலாம். தட்டவில்லை. புதன்கிழமை நாங்கள் ஊருக்கு ரயில் ஏறினோம்.

ஜூனில் பள்ளி திறந்த அன்று, என்னுடைய சர்டிபிகேட் வாங்க அம்மாவோடு போயிருந்தேன். அத்தை மகளுக்குத் தலைசீவி, புதுப் பையும் மாட்டி அத்தை அழைத்து வந்திருந்தாள். மாடியில் புது அறை எது என்று டீச்சரிடம் கேட்டாள்.

டீச்சருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் நெற்றியில் கையை வைத்துக்கொண்டார். "பட்டியல் போயிடுச்சும்மா. நான் போய்க் கேட்டாலும் இனிமே சேர்க்க மாட்டாங்க. தாள்ல கட்டம் கட்டி எழுதியிருந்தேனே? நீங்க கையெழுத்துக்கூடப் போட்டிருக்கீங்களே." கோப்பிலிருந்து தாளை எடுத்து விரித்தார்.

அத்தை அந்த எழுத்தையும் கீழே இழுத்த கோட்டையும் பார்த்தாள். அம்மை வீட்டுக்குள் அந்தத் தாள் வரவே இல்லை என்பது அவளுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். "யம்மா, அன்னைக்கு இவ வாசிச்சது..." என்று அத்தை மகள் ஆரம்பித்தாள். அத்தை அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடித்த இடம் வெளுத்துப் போனதைப் பார்த்தேன்.

"ஆமா டீச்சர், நாந்தான் போட்டேன். பிள்ள கெடந்த கெடப்புல மறந்துட்டேன்."

அம்மா "அடப் பாவமே" என்றாள். எனக்கு மூச்சு வந்தது. அத்தைக்கு மறதி அதிகம், நல்லவேளை என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் மாமா தாதரில் மகளோடு ரயில் ஏறினார். திரும்பும்போது தனியாக வந்தார். மாட்டுங்கா பக்கத்து ஒற்றை அறையில் எனக்கு ஓர் இடம் கிடைத்தது. அதில் இரண்டு வருஷம் உட்கார்ந்தேன், அதுவும் தொடர்ச்சியாக இல்லை. பிறகு சூரத், திருப்பூர், கோவா என்று என் கால் என்னைக் கூட்டிக்கொண்டு போனது. அதெல்லாம் வேறு கதை.

ஜூலையில் ஒருநாள் நல்ல மழை. கல்லியில் தண்ணீர் ஓடியது. அத்தை சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பிளாஸ்டிக் பைக்குள் ஒரு காகிதத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். மகளிடமிருந்து வந்த முதல் கடிதம். அதை என் கையில் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"உள்ளத மட்டும் வாசி" என்றாள்.

பழக்கப்படி முகத்துக்கு நேரே பிடித்தேன். வாயைத் திறந்தேன். ஒப்பிக்க மனப்பாடம் ஒன்றும் இல்லை. எழுத்து எழுத்தாகத் தொட்டுக் கூட்ட ஆரம்பித்தேன். அன்புள்ள அம்மாவைத் தாண்டுவதற்கே நெடுநேரமானது. அத்தை அடுப்பைப் பார்க்க எழுந்து போகவில்லை. இங்கே மூன்று ஆடு இருக்கிறது. தம்பிக்குத் தழும்பு போய்விட்டதா. மூன்றாவது வரியில் என் பெயர் வந்தது. கடிதத்தில் என் பெயர் இருந்ததில் எனக்குச் சந்தோஷம். அடுத்த சொற்களைக் கூட்டும்வரை இருந்தது. இந்தக் கடிதத்தை அவளிடம் வாசிக்கக் கொடுக்காதே அம்மா, அவள் இல்லாததை வாசிப்பாள்.

வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம். என்னை விசாரித்ததாகச் சொல்வது எனக்கு ஒரு நொடி வேலை. ஏனோ அன்றைக்கு இருந்ததையே வாசித்தேன். ஒரு சொல்கூட விடவில்லை.

"ம், பெறவு?" என்றாள் அத்தை.

பிறகு ஒரு வரிதான் இருந்தது. என்னைக் கூட்டிப்போக எப்போது வருவாய். அதையும் வாசித்தேன். அத்தை கடிதத்தை வாங்கி மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, மழை விடுவதற்குக் காத்திராமல் எழுந்தாள். "அடுத்த காயிதம் வந்தா கொண்டாருதேன். எங்கயும் ஓடிறாத" என்று வாசலில் நின்று சொன்னாள்.

ஒரு முழுக் கடிதத்தை நானே வாசித்துவிட்டேன் என்று அன்று சாயங்காலம் அம்மாவிடம் பீற்றிக்கொண்டேன். கல்லியில் வாசிக்கத் தெரிந்தவர்கள் எத்தனையோ பேர் இருந்தார்கள். அத்தை ஏன் என்னிடம் வந்தாள் என்று நான் யோசிக்கவில்லை. பக்கத்து வீடு என்பதால் வந்தாள் என்றுதான் நினைத்துக்கொண்டேன்.