கவிழாது என்று பந்தயம் கட்டியவர்

செல்வமணி சார் இறந்துவிட்ட செய்தி வந்தபோது நான் காட்டூர் வீட்டில் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் கல்லூரித் துறைத் தலைவர்தான் போன் செய்தார். காலையில் குளித்துவிட்டு வந்தவர் நெஞ்சு வலிக்கிறது என்று நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். ஆம்புலன்ஸ் ஸ்ரீரங்கத்தில் அவர் வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. "சரிங்க சார்" என்று போனை வைத்துவிட்டு மிச்சமிருந்த மாவையும் வார்த்து முடித்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

ஆட்டோ காவிரிப் பாலம் தாண்டியதும் மார்கழிக் கூட்டத்தில் மாட்டிக்கொண்டது. இறங்கி நடந்தேன். வழியில் ஒரு சின்னக் கோயில் வாசலில் யாரோ தொன்னையில் வெண்பொங்கல் கொடுத்தார்கள். ஓரமாக நின்று முழுவதையும் சாப்பிட்டேன். நெய் தாராளமாக விட்டிருந்தார்கள். சாவு வீட்டுக்குப் போகிறவள் செய்கிற காரியமா இது என்று அப்போது தோன்றவில்லை. எதுவுமே தோன்றவில்லை.

அவரிடம் படித்த உங்களுக்கு அவர் 'யூரோப் சார்'. உப்பிலியபுரத்தில் மரவள்ளி போட்ட குடும்பத்தில் பிறந்தவர். எங்கள் கல்லூரி அரசியல் அறிவியல் துறையில் ஐரோப்பிய அரசியலை ஆயுள் முழுக்க நடத்தினார், ஒருமுறைகூட அங்கே போகாமல். அவருடைய ஒரே மகள் யாழினி ஆராய்ச்சி வேலைக்காக பிரான்சில் லியோன் நகரத்துக்குப் போன பிறகு, அவருக்குக் குளிர்காலம் என்பதே அங்கே நடக்கிற விஷயமாகிவிட்டது. அவள் அனுப்பிய தடிமனான கம்பளி ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டுதான் டிசம்பர் முழுக்க வகுப்புக்கு வருவார். பத்து மணிக்கெல்லாம் நெற்றியில் வியர்வை ஓடும். கழற்ற மாட்டார். எங்கள் ஸ்டாஃப் ரூமில் ஃபேனைப் போடவும் விடமாட்டார். "அங்க மைனஸ் ரெண்டு மேடம். புள்ள நடுங்கிக்கிட்டு வேலைக்குப் போறா. இங்க நாம காத்து வாங்கினா நல்லாவா இருக்கு?" என்பார். நாங்கள் பழைய விடைத்தாளால் விசிறிக்கொள்வோம்.

எங்கள் இருவருக்கும் ஒரு பந்தயம் உண்டு. ஐரோப்பாவில் எந்த அரசாங்கம் தள்ளாடினாலும் அவர் "கவிழாது" என்பார், நான் "கவிழும்" என்பேன். தோற்றவர் ஜெயித்தவருடைய தேர்வு ஹால் ட்யூட்டியைப் பார்க்க வேண்டும். மூன்று மணி நேரம் உட்காராமல் நடந்துகொண்டிருக்கிற அந்த வேலையை ஆசிரியர்களாகிய நாங்கள் எவ்வளவு வெறுக்கிறோம் என்பது ஆசிரியர்களுக்குத்தான் தெரியும். அண்மைக் காலத்தில் பிரான்சில் பிரதமர்கள் டவுன் பஸ் ஏறி இறங்குவதுபோல் வந்து போனார்கள். ஜெர்மனியில் கூட்டணி உடைந்தது. எனக்குக் கொண்டாட்டம். என் ஹாலில் அவர் ஸ்வெட்டரோடு நடந்துகொண்டிருப்பார். நான் கேன்டீனில் வடை சாப்பிட்டுக்கொண்டிருப்பேன்.

ஒருநாள் அந்தக் கேன்டீனில் வைத்துக் கேட்டே விட்டேன். "சார், நீங்க இவ்வளவு படிச்சவரு. விழும்னு உங்களுக்கே தெரியுது. அப்புறம் எதுக்கு நிக்கும்னே கட்டறீங்க?"

அவர் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "ஜெயிக்கிறதுக்கா கட்டறேன்? அவ தங்கறதுக்கான கார்டு புதுப்பிக்கக் கொடுத்து மாசக்கணக்கா கிடக்கு. அரசாங்கம் விழுந்தா ஆபீஸ்ல எல்லாம் அப்படியே நின்னுரும். புதுசா வர்றவங்க மொதல்ல வெளிநாட்டுக்காரங்க கார்டுமேலதான் கை வைப்பாங்க. விழும்னு என் வாயால எப்படிச் சொல்றது, சொல்லுங்க."

வகுப்பிலும் இதையே வேறு விதமாகச் சொல்லியிருக்கிறார். உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கும்: "அங்க ஒரு சட்டம் மாறினா, இங்க ஒரு வீட்டுல சோறு இறங்காது. அதுதான் இந்தப் பேப்பர். மத்ததெல்லாம் கைடுலயே இருக்கு."

கடைசியாகப் பந்தயம் கட்டியது அவர் இறப்பதற்கு முந்தின நாள். பிரான்சில் பட்ஜெட்டை வைத்து அரசாங்கத்துக்கு எதிராக ஓட்டெடுப்பு வரவிருந்தது. வழக்கம்போல அவர் கவிழாது என்றார், நான் கவிழும் என்றேன். மழை விடுமுறையால் தள்ளிப்போன செமஸ்டர் தேர்வு அந்த வாரம்தான் தொடங்கவிருந்தது. "இந்தத் தடவை நீங்கதான் நடக்கப்போறீங்க மேடம், நல்ல செருப்பாப் போட்டுக்கிட்டு வாங்க" என்று சிரித்துவிட்டுப் போனார்.

வீட்டில் அவரை ஹாலில் கிடத்தியிருந்தார்கள். வேட்டி, மாலை. யாழினி வரவில்லை. கார்டு கைக்கு வராமல் கிளம்பினால் திரும்ப உள்ளே விடுவார்களா என்பது நிச்சயமில்லை. தீபாவளிக்கே "கார்டு வர்ற வரைக்கும் அசையாத" என்று அவர்தான் அவளைத் தடுத்திருந்தார். அவர் மனைவி கௌரி அக்கா என் கையில் போனைக் கொடுத்து, "அவ பாக்கணுங்கறா, நீங்க காட்டுங்க, என்னால முடியல" என்றார். நான் போனை சார் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றேன். வீடியோவில் அந்தப் பெண் அவரையே பார்த்தாள். பிறகு, "அப்பாவுக்கு ஸ்வெட்டர் போடலயா ஆன்ட்டி?" என்று கேட்டாள்.

"இங்க வெயில் வந்துருச்சும்மா" என்றேன்.

இரண்டு நாள் கழித்து, கல்லூரி பஸ்ஸில் போனைத் திறந்தபோது செய்தி கிடந்தது. சொற்ப ஓட்டு வித்தியாசத்தில் பிரான்ஸ் அரசாங்கம் தப்பித்துவிட்டது. சார் வழக்கமாக உட்காரும் பக்கத்து சீட்டைப் பார்த்துச் சொல்ல வாயெடுத்தேன். பால்பண்ணை நிறுத்தத்தில் ஏறிய கணக்குத் துறை ஆசிரியை அங்கே தூங்கிக்கொண்டிருந்தார்.

துறைத் தலைவரிடம் போய், செல்வமணி சாருடைய ஹால் ட்யூட்டியை எனக்குப் போடச் சொன்னேன். "அதுக்கு வேற ஆளு போட்டாச்சுங்க. நீங்க ரெஸ்ட் எடுங்க" என்றார். "இல்லைங்க சார், தோத்துட்டேன்" என்றேன். அவருக்குப் பந்தயம் தெரியும். மாற்றிக் கொடுத்தார். மூன்று மணி நேரமும் நடந்தேன். நல்ல செருப்பாகப் போட்டிருந்தும் கால் வலித்தது. அந்த நாட்களில் எனக்கு உறைத்தது அந்த வலி ஒன்றுதான்.

விடைத்தாள்களை ஒப்படைத்துவிட்டு வெளியே வந்ததும் யாழினியிடமிருந்து அழைப்பு.

"ஆன்ட்டி, அப்பா ஜெயிச்சுட்டாரு."

"தெரியும்மா. அவர் ட்யூட்டியப் பாத்துட்டுத்தான் வரேன்."

"அடுத்த ஓட்டெடுப்பு சீக்கிரமே வரும்னு பேசிக்கிறாங்க. இனிமே யாரோட கட்டுவீங்க?"

"உன்னோடதான். நீ கவிழும்னு கட்டு."

"அப்போ நீங்க?"

அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது பந்தயத்தில் அவர் நின்ற அந்தப் பக்கத்தைத்தான். இத்தனை வருடம் சுலபமான பக்கத்தில் இருந்தவளுக்கு அது பழக்கமில்லை. ஆனாலும் சொன்னேன்: "கவிழாதும்மா. உன் கார்டு வந்துரும்."

ஸ்டாஃப் ரூமுக்குத் திரும்பினேன். யாரோ ஃபேனைப் போட்டிருந்தார்கள். போய் நிறுத்தினேன்.