காகித முள்ளம்பன்றி

தோளில் ஒரு பையோடு வின்டர்தூர் ரயில் நிலையத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். பைக்குள் இரண்டு காற்சட்டை, ஒரு சுவெட்டர், டாவோசில் ஹோட்டல் வேலை செய்யும் எங்கள் ஊர் அண்ணை ஒருவரின் விலாசம். பங்குனி மாதம். வெயில் அடித்தும் காது குளிர்ந்தது. எனக்குப் பதினைந்து வயது. அதன் பிறகு எத்தனையோ இடங்களை விட்டு நடந்திருக்கிறேன். எல்லாவற்றிலும் சுலபமாகக் கால் நகர்ந்தது அன்றைக்குத்தான்.

அதுவரை அக்காவின் வீட்டில் இருந்தேன். அக்கா ஒரு சலவைக்கூடத்திலும் அத்தான் உணவகச் சமையலறையிலும் வேலை செய்தார்கள். ஊரில் எட்டாம் வகுப்பை முடிக்காமல் நின்றவன் நான். இங்கே என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கக் கடிதம் வரும் என்றார்கள்; வரவில்லை. அதனால் பகலில் அக்காவின் மகளைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பாயிற்று. அவளுக்கு ஆறு வயது, கிண்டர்கார்டன் போய்க்கொண்டிருந்தாள். ஆவணியில் முதலாம் வகுப்புக்கு ஏற வேண்டும். பிள்ளை முதலாம் வகுப்பு ஏறிவிட்டால் குடும்பத்தைத் திருப்பி அனுப்பமாட்டார்கள் என்று எங்கள் சனங்களிடையே ஒரு கதை உலாவியது. யார் சொன்னது என்று யாருக்கும் தெரியாது, எல்லோரும் நம்பினோம். அக்காவின் அகதி வழக்குக்கு இன்னும் முடிவு வரவில்லை.

ஆகவே நான் அவளைப் படிப்பித்தேன். அவள் கையை என் கைக்குள் பிடித்து, தமிழ் எழுத்தும் ஜெர்மன் எழுத்தும் எழுதுவித்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் வரும் விருந்தாளிகள் கொப்பியைப் புரட்டிப் பார்ப்பார்கள்.

“என்ன எழுத்தப்பா, அச்சுக் குத்தினமாதிரி!” என்பார்கள்.

“எல்லாம் மாமன்காரன்ர வேலை” என்பாள் அக்கா. பாராட்டாகத்தான் சொன்னாள். பிறகு மருமகள் ஒரு படப்புத்தகத்தை எடுத்து வந்து கடகடவென்று வாசிப்பாள். ஒருமுறை புத்தகம் தலைகீழாக இருந்தது. விருந்தாளிகள் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன், மெதுவாகத் திருப்பி வைத்தேன்.

கிண்டர்கார்டனில் எழுத்தே சொல்லிக் கொடுக்கவில்லை. வெட்டு, ஒட்டு, மணி கோர், பந்தைப் பிடி, இவ்வளவுதான். மீதியை வீட்டில் செய்து முடிக்கும்படி கொடுத்துவிடுவார்கள். அத்தானுக்கு இதில் பெரிய எரிச்சல். “விளையாடவோ பிள்ளையை அனுப்பிறம்?” என்பார். அவள் வெட்டினால் வட்டம் உருளைக்கிழங்காகிவிடும். சுவரில் மற்றப் பிள்ளைகளுடைய படங்களுக்கு நடுவில் எங்கள் பெயர் போட்ட உருளைக்கிழங்கு தொங்குவதை என்னால் தாங்க முடியவில்லை. கத்தரிக்கோலை வாங்கி நானே வெட்டினேன். இலையுதிர் காலத்துக்கு ஒரு காகித முள்ளம்பன்றி செய்தேன். அதன் ஒவ்வொரு முள்ளும் ஒரே அளவு. அவள் பக்கத்தில் கால்களை ஆட்டிக்கொண்டு இருந்து ‘ஆனா ஆவன்னா’ சொன்னாள். எனக்கும் அது பிடித்திருந்தது. அந்த நாட்டில் நான் ஒழுங்காகச் செய்த முதல் வேலை அது.

நான் புறப்பட்ட அன்று காலைதான் முதலாம் வகுப்புக்கான சோதிப்பு. அக்காவுக்கும் அத்தானுக்கும் வேலை. நான்தான் கூட்டிப் போனேன். கிண்டர்கார்டன் ஆசிரியையோடு பள்ளிக்கூடத்திலிருந்து வந்த இன்னொரு பெண்ணும் இருந்தாள். மருமகள் போய் நின்றதும் எழுத்துகள் முழுவதையும் ஒப்புவித்தாள். இருவரும் சிரித்துத் தலையாட்டினார்கள். பிறகு ஒரு பந்தை மெல்ல எறிந்தார்கள். அவள் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள். பந்து என் காலடிக்கு உருண்டு வந்தது.

அடுத்தது கத்தரிக்கோல். வட்டம் கீறிய தாளைக் கொடுத்து வெட்டச் சொன்னார்கள். அவள் தாளையும் கத்தரிக்கோலையும் எடுத்துக்கொண்டு நேரே என்னிடம் வந்தாள்.

“மாமா, நீங்கள் வெட்டித் தாங்கோ. நான் எழுத்துச் சொல்லுறன்.”

ஆசிரியை எழும்பிப் போய், சுவரிலிருந்த முள்ளம்பன்றியைக் கழற்றி வந்தாள். இதைச் செய்தது யார் என்று கேட்டாள். மருமகள் என்னைக் காட்டினாள். எவ்வளவு அழகாக வந்திருக்கிறது என்று வியந்துதான் கேட்கிறாள் என்று நினைத்தேன். “யா, யா, நான்தான்” என்று எனக்குத் தெரிந்த ஜெர்மனில், சிரித்துக்கொண்டு சொன்னேன். மற்றப் பெண் ஏதோ எழுதினாள்.

இன்னும் ஒரு வருடம் கிண்டர்கார்டனில் இருக்கட்டும் என்று கடிதம் தந்தார்கள். பின்னேரம் மூன்று மணிக்கு அத்தான் அதை இரண்டு தரம் வாசித்தார். அக்கா கதிரையில் இருந்து அழுதாள். “உன்னை நம்பித்தானேடா விட்டனான்” என்றாள். அது பரவாயில்லை. அத்தான் சத்தம் போடாமல் சொன்னார்:

“எட்டாம் வகுப்பு முடிக்காதவனிட்டைப் பிள்ளையைக் குடுத்தால் வேற என்ன நடக்கும்?”

நான் பையை எடுத்தேன். மருமகள் கதவு வரை வந்து, “கடைக்கோ மாமா?” என்று கேட்டாள். “ஓம், இப்ப வாறன்” என்றேன்.

மேலதிகமாக ஒரு வருடம் மணி கோர்ப்பதில் ஒரு பிள்ளைக்கு எந்த நட்டமும் இல்லை என்பது எனக்கு மிகவும் பிந்தித்தான் விளங்கியது. அந்த வருடம் அவள் தானே வெட்டினாள், தானே எழுதினாள், சரியாக வாசிக்கவும் தொடங்கினாள். வழக்குக்கும் வகுப்புக்கும் ஒரு சம்பந்தமும் இருக்கவில்லை. இதையெல்லாம் அக்கா பல வருடங்களுக்குப் பிறகு தொலைபேசியில் சொன்னாள். இன்னொன்றும் சொன்னாள்.

கோபம் தணிந்து அடுத்த நாள் மத்தியானத்துக்குள் நான் திரும்பிவிடுவேன் என்று நினைத்து, காலையில் அத்தான் பிள்ளையைக் கிண்டர்கார்டனில் விட்டுவிட்டு வேலைக்குப் போயிருக்கிறார். பன்னிரண்டு மணிக்கு மற்றப் பிள்ளைகள் தனித்தனியே வீட்டுக்கு நடந்துவிட்டார்கள். அந்த ஊரில் அதுதான் வழக்கம். எங்கள் பிள்ளை என் கையைப் பிடிக்காமல் ஒருநாளும் தெருவைக் கடந்ததில்லை. “மாமா வருவார்” என்று சொல்லி, ஆசிரியையோடு இரண்டு மணிவரை வாசல் படலையடியில் நின்றாளாம்.

அதே நாள் காலை டாவோசில் அந்த அண்ணை என்னை ஒரு ஹோட்டலின் பின்வாசலால் கூட்டிப் போனார். சமையல் தலைவர் என் வயதைக் கேட்கவில்லை. கணுக்கால்வரை தொங்கும் ஒரு ரப்பர் ஏப்ரனைத் தந்து, கோப்பை கழுவும் இயந்திரத்தைக் காட்டினார். பன்னிரண்டு மணிக்கு நான் அதன் முன்னால் ஆவிக்குள் நின்றுகொண்டு, இவ்வளவு நேரத்தில் ஒரு கோப்பையையும் உடைக்கவில்லை என்று சந்தோஷப்பட்டேன்.