வெங்காயத்துக்கே இருக்குது

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து இருபது. சித்தப்பாவின் ஆட்டோவில், பின்சீட்டுக்குப் பின்னால் இருந்த இடுக்கில், ஸ்டெப்னியையும் அழுக்குத் துணியையும் தள்ளியதும் முதலில் கண்ணில் பட்டது ஒரு கண்ணாடித்தாள் உறை. உள்ளே ஒரு காகிதம் இருந்தது. எனக்குக் காகிதம் வேண்டாம், உறைதான் வேண்டும். மறுநாள் பள்ளியில் அறிவியல் கண்காட்சி. ஆறாம் வகுப்பின் உயிரணுப் படத்தை வரைந்தவள் நான். அது கசங்காமல் போய்ச் சேர வேண்டும்.

எங்கள் ஆசிரியை 'செல்' என்று சொல்லவே மாட்டார். சொன்னால் பையன்கள் காதில் கையை வைத்து "அலோ" என்பார்கள். அதனால் எங்களுக்கு அது உயிரணுதான். அந்த வாரம் பள்ளியின் ஒரே நுண்ணோக்கியில் வெங்காயத் தோலைப் பார்த்தோம். செங்கல் சுவர் மாதிரி வரிசையாக அறைகள், ஒவ்வொன்றிலும் ஒரு புள்ளி. அந்தப் புள்ளி உட்கரு, அதுதான் மற்றவற்றை நடத்துகிறது. சுற்றியுள்ள சவ்வு வேண்டியதை உள்ளே விடும், வேண்டாததைத் தடுக்கும். உணவிலிருந்து ஆற்றலை எடுத்துத் தர மைட்டோகாண்ட்ரியா. உயிருள்ள எதுவும் உயிரணு இல்லாமல் இல்லை. இவ்வளவும் எனக்குத் தலைகீழாகத் தெரியும்.

காகிதத்தை உருவினேன். ஒரு சித்த வைத்தியசாலையின் சீட்டு. மேலே சித்தப்பாவின் பெயர். கீழே தமிழில், தெளிவான கையெழுத்தில்: "உயிரணு: இல்லை. மறுபடி பரிசோதித்தும் இல்லை."

எனக்குக் கோபம் வந்தது. ஒரு டாக்டர் இப்படி எழுதலாமா?

உள்ளே கூடத்தில் வேறொரு விவகாரம் நடந்துகொண்டிருந்தது. வாலாஜாபாத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருந்த அத்தை, அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் அக்கா, வீட்டின் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். சித்தப்பா பாயில் உட்கார்ந்து கால் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சித்தி காலி டம்ளர்களோடு சமையலறை வாசலில் நின்றாள்.

"கல்யாணம் ஆயி ஏழு வருஷம் ஆயிடுச்சுப்பா. இன்னும் எத்தினி நாளைக்குப் பாத்துக்கினு இருக்கறது? எங்க தெருவுல ஒரு பொண்ணு இருக்குது, நல்ல பொண்ணு. இவ அண்ணனுக்கு ஒரு போன் போடு. ஏனாத்தூர் என்னா தூரமா? வந்து இட்டுக்கினு போவட்டும்."

சித்தி நிற்கும்போதே அத்தை இதைச் சொன்னாள். "உன் இஷ்டம்க்கா" என்றார் சித்தப்பா. அம்மா போனை எடுத்து அப்பாவிடம் நீட்டினாள்.

அந்த நேரத்தில்தான் நான் சீட்டோடு உள்ளே ஓடினேன்.

"அப்பா, இந்த டாக்டரு பொய் எழுதியிருக்காருபா! சித்தப்பாவுக்கு உயிரணுவே இல்லையாம். அது இல்லாம ஒரு உயிரும் இருக்க முடியாதுபா. வெங்காயத்துக்கே இருக்குது, நான் என் கண்ணால பாத்தேன். உள்ள உட்கரு, சுத்தி சவ்வு..."

"ஏண்டி, கண்காட்சி உங்க ஸ்கூல்லயா, நம்ம ஊட்டுலயா?" என்று அத்தை சிரித்தாள். கூடச் சிரிக்க யாரும் இல்லை. சித்தப்பா பாயிலிருந்து எழுந்துவிட்டார்.

"குடு இங்க."

"இரு" என்றாள் சித்தி. அந்த வீட்டில் அவள் யாரையும் இரு என்று சொல்லி நான் கேட்டதில்லை. "இன்னொருவாட்டி படிம்மா."

என் வாசிப்பில் சந்தேகம் போலிருக்கிறது என்று நினைத்து, ஒவ்வொரு எழுத்தாக, உரக்கப் படித்தேன். சித்தப்பா பறிப்பதற்குள் அப்பா வாங்கிக்கொண்டார். இரண்டு முறை படித்தார்.

"தேதி மூணு வருஷத்துக்கு முன்னாடி போட்டிருக்குதே. உனக்கு ஒண்ணும் இல்லைன்னு டாக்டரு சொன்னாருன்னியேடா?"

சித்தப்பா மறுபடி சீட்டுக்குக் கையை நீட்டினார். அத்தைதான் பேசினாள். "ஆட்டோ ஓட்டறவன், உடம்பு சூடு. போவப் போவ சரியாயிடும். இத்தப் போயி வெளிய யாரும் மூச்சு விடாதீங்க."

அம்மா என்னை அறைந்தாள். பெரியவர்கள் பேசும் இடத்தில் எனக்கு என்ன வேலையாம். எழுதியிருந்ததைப் படித்தேன், அது தப்பு என்றும் எடுத்துச் சொன்னேன். அதற்கு அறை. போனது போகட்டும், உறையையாவது தந்திருக்கலாம். அதையும் சித்தப்பா பிடுங்கிக்கொண்டார்.

அன்று சித்தியின் அண்ணனுக்கு யாரும் போன் போடவில்லை. அத்தை மத்தியானமே கிளம்பினாள். அவளைப் பேருந்து நிலையத்தில் விட்டுவரச் சித்தப்பா போனார்.

அந்த மூன்று வருடமும் சித்தி வெறும் வயிற்றில் கஷாயம் குடித்தாள். வாசனை பின்கட்டு வரை வரும், எனக்குக் குமட்டும். உறவில் ஒரு வளைகாப்பு என்றால், அடுப்பைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று அவளை வீட்டில் விட்டுப் போவார்கள். அப்படிச் சொன்னது பெரும்பாலும் என் அம்மா. வைத்தியர் மாற்றி வைத்தியராக அவளைக் கூட்டிப்போனது சித்தப்பா, அதே ஆட்டோவில். அவள் அந்தப் பின்சீட்டில் சாய்ந்து உட்கார்ந்திருப்பாள். அந்த வைத்தியச் சீட்டு அவள் முதுகுக்கு ஒரு சாண் பின்னால் இருந்திருக்கிறது. அதைப் படித்தவர், அவள் கஷாயத்தை முகம் சுளிக்காமல் விழுங்குகிறாளா என்று பக்கத்தில் நின்று பார்த்தார். சீட்டு வெளியே வந்த பிறகும் அந்தக் கூடத்தில் இருந்த ஒருவர்கூட அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாக்கு என்ன தேய்ந்தா போய்விடும்?

சாயங்காலம் கிணற்றடியில் அவளிடம் கேட்டேன். "சித்தி, நீயாவது என்ன நம்பறியா?"

"நீ படிச்சது சரிதாம்மா" என்றாள். நம்புகிறாள் என்று எனக்குப் பெருமை. எல்லோரையும் போலச் சித்தப்பாவுக்கும் கோடிக்கணக்கில் உயிரணு உண்டு என்பதை ஒருத்தியாவது ஒத்துக்கொண்டாளே.

வைத்தியர் எழுதியது பொய்யில்லை. அந்தச் சீட்டில் அந்தச் சொல், ஆணின் உடலில் உண்டாகி வாலால் நீந்திப் போகிற ஒரே ஒரு வகை உயிரணுவைத்தான் குறித்தது. அது எங்கள் பாடத்தில் இல்லை. சித்தி என்னை ஏன் இரண்டாம் முறை படிக்கச் சொன்னாள் என்பதும் அப்போது எனக்குத் தெரியாது.

அந்த ஐப்பசியில், பிள்ளை வரம் வேண்டி, சித்தி கந்த சஷ்டிக்கு ஆறு நாள் விரதம் இருந்தாள். சித்தப்பா மூன்று வேளையும் சாப்பிட்டார்.