வீட்டு விசாரணை

வீரம்மாவுக்கு மூன்று மொழியில் ஒரே ஒரு கேள்வி தெரியும். தமிழர்களிடம் "சாப்ட்டாச்சா?" மலாய்க்காரர்களிடம் "சூடா மாக்கான்?" சீனர் கடையில் "செக் பான் மே?" எல்லோரும் கேட்கிற கேள்விதான். ஆனால் வீரம்மா பதில் வரும்வரை நிற்பாள். "இல்ல" என்று யாராவது சொல்லிவிட்டால் ஏன் என்று கேட்பாள். அதற்கும் நிற்பாள். அவளோடு கடைக்குப் போய் வருவதற்குள் மகள் நவமணிக்குக் கால் கடுத்துவிடும்.

இந்தப் பழக்கம் ஒருமுறை வேலைக்கே உலை வைக்கப் பார்த்தது. வேலை போனால் தோட்டம் கொடுத்த லயத்து வீடும் போய்விடும். புருசன் இல்லை. மகள் ஈப்போவில் மின்சாரத் தொழில் படித்துக்கொண்டிருந்தாள். போவதற்கு வேறு கூரை கிடையாது.

தஞ்சோங் மாலிமுக்கு வடக்கே இருந்த ரப்பர் தோட்டம் அது. 1977. விடியற்காலைப் பெரட்டில் வேலையாட்களின் பெயர் கூப்பிட்டபோது, கூட வேலை செய்யும் காளியம்மா இல்லை. வேலையை மேற்பார்க்கும் மண்டோர் அப்பாவு ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போனார்.

"காளியம்மா ஏன் வரல?" என்று வீரம்மா கேட்டாள்.

"நான் என்னா அவ புருசனா? போய் மரத்தப் பாருலா."

எல்லோரும் சிரித்தார்கள். வீரம்மா மரத்தைப் பார்க்கப் போனாள். தன் நிரையில் பாதி மரம்தான் சீவியிருப்பாள். மனசு கேட்கவில்லை. கத்தியை வாளிக்குள் போட்டுவிட்டு லயத்துக்கு நடந்தாள். காளியம்மா தரையில் கிடந்தாள். உடம்பு அனலாகக் கொதித்தது. கூப்பிட்டால் கண் திறக்கவில்லை. ரப்பர் பால் ஏற்றும் லோரியை வழிமறித்து, டிரைவரோடு மல்லுக்கட்டி, அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வந்தபோது மழை பெய்து முடிந்திருந்தது. வீரம்மாவின் நிரையில் மரங்களில் கட்டியிருந்த மங்குகளிலிருந்து பாலெல்லாம் தண்ணீரோடு வழிந்து போயிருந்தது.

அடுத்த வாரம் ஆபீஸ் கணக்கெழுதும் கிராணி ஐயாவு ஓர் ஆங்கிலக் கடிதத்தைக் கையில் கொடுத்தார்.

"வேலய விட்டுட்டுப் போனதுக்கு ஒனக்கு டொமெஸ்டிக் இன்குவாரி. வியாழக்கெழம பத்து மணி."

எங்கே என்று அவர் சொல்லவில்லை. எந்த இன்குவாரியும் ஆபீசில்தான் நடக்கும், அதைத் தனியாகச் சொல்வானேன் என்று விட்டுவிட்டார். வெளியாள் இல்லாமல் நிர்வாகமே தன் ஆட்களை வைத்து நடத்திக்கொள்ளும் விசாரணைக்கு அப்படி ஒரு பெயர் என்பதை விளக்கவும் இல்லை.

வீரம்மா கடிதத்தைத் தோட்ட நிர்வாகி துரையின் பங்களாவில் வீட்டு வேலை செய்த பாப்பாவிடம் கொண்டுபோனாள். பாப்பாவுக்கு ஒரு சொல் மட்டும் அடையாளம் தெரிந்தது.

"இந்தா, டொமெஸ்டிக். என்னோட வேல கார்டுலயும் இதேதான் போட்ருக்கு. டொமெஸ்டிக்னா வீடு."

"இன்குவாரி?"

"விசாரிக்கிறது."

"அப்ப வீட்டுக்கு வந்து விசாரிப்பாங்களா?"

"பின்னே? ஆம்பள இல்லாத வீடுலா. நெலவரத்தக் கண்ணால பாத்துட்டுத்தான் முடிவு பண்ணுவாங்க."

வீரம்மாவுக்கு மனம் குளிர்ந்துவிட்டது. பரவாயில்லை, துரையும் மனுசன்தான்.

வியாழக்கிழமை விடுமுறைக்கு ஈப்போ பஸ்ஸில் வந்து இறங்கிய நவமணி வாசலிலேயே நின்றுவிட்டாள். அம்மா கல்யாணங்களுக்குக் கட்டும் பச்சைச் சேலையில் இருந்தாள். தரை கழுவியிருந்தது. இரவல் நாற்காலிகள் வரிசையாகக் கிடந்தன. பெரிய பானையில் தேத்தண்ணி. என்ன ஏது என்று நவமணி கேட்டுக்கொண்டிருக்கும்போதே தொழிலாளர் சங்கத் தலைவர் பத்துமலையின் மோட்டார் சைக்கிள் வந்து முனகி நின்றது.

"அக்கா! துரை ஒக்காந்து கெடக்காரு, நீங்க இங்க என்னா பண்றீங்க?"

"ஒங்களுக்காகத்தான் தம்பி காத்துருக்கேன். உள்ள வாங்க. அவங்க பின்னால வாராங்களா?"

"இன்குவாரி ஆபீஸ்லக்கா!"

"டொமெஸ்டிக்னு போட்ருக்கே?"

பத்துமலை தலையில் கை வைத்தார். நவமணி கடிதத்தை வாங்கிப் படித்து, பொருளைச் சொன்னாள். வீரம்மாவின் முகம் சுருங்கிப்போயிற்று.

"அப்ப என்னைய விசாரிக்க வரலயா? போலீஸ்ல விசாரிக்கிற மாதிரியா?"

"ஆமாம்மா."

சற்று நேரம் நாற்காலிகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு தேத்தண்ணியைத் தூக்குச்சட்டியில் ஊற்றி மூடினாள்.

"எந்த விசாரிப்பா இருந்தா என்னா, போட்டதக் கீழயா ஊத்த முடியும்?"

துரை மலையாளத்துக்காரர். தமிழ் நன்றாகப் புரியும். ஆனால் ஆபீசில் ஆங்கிலம் மட்டும்தான். இடையில் கிராணி ஐயாவு மொழிபெயர்த்தார். மண்டோர் அப்பாவு சுவரோரம் நின்றார். நவமணிக்குக் கதவருகே நிற்க அனுமதி கிடைத்தது.

"வேலய விட்டுட்டு எதுக்குப் போன?" என்று துரையின் கேள்வியைத் தமிழில் கேட்டார் ஐயாவு.

"விசாரிக்கப் போனேன்."

இன்குவாரிக்குப் போனாளாம் என்று ஐயாவு ஆங்கிலத்தில் சொன்னார். துரை நிமிர்ந்தார். எந்த இன்குவாரி? யார் உத்தரவு கொடுத்தது? ஐயாவு அதையும் அப்படியே திருப்பிக் கேட்டார்.

"ஆளு வரலன்னா விசாரிக்கிறதுக்கு உத்தரவு வேணுமாங்க?" என்றாள் வீரம்மா. அவள் குரல் உயரவில்லை. "பெரட்டுல கேட்டேன். பதில் வரல. பதில் வராட்டி யாராச்சும் போய்ப் பாக்கணும்ல?"

இந்த விசாரிப்புக்கு ஐயாவு ஆங்கிலத்தில் சொல் தேடினார், கிடைக்கவில்லை. கதவருகே நின்ற நவமணியும் தேடினாள். ஆங்கிலத்தில் கேள்விக்கு அவளுக்கு ஐந்தாறு பெயர் தெரியும். என்கொயரி, குவெரி, இன்வெஸ்டிகேஷன். எல்லாவற்றிலும் பதில் சொல்ல வேண்டிய ஒருவன் எதிரே நின்றான். தரையில் கிடக்கும் காளியம்மா எதிலும் இல்லை. அம்மா அத்தனை சொற்களையும் ஒரே வினைக்குள் வைத்துக்கொண்டு, தூக்குச்சட்டியோடு நின்றுகொண்டிருந்தாள்.

துரை மொழிபெயர்ப்புக்குக் காத்திருக்கவில்லை. மண்டோரைப் பார்த்து, அந்த ஆபீசில் யாரும் கேட்டிராத தமிழில் கேட்டார்.

"இவ பெரட்டுல கேட்டாளா?"

"கேட்டா, துரை."

"நீ என்ன சொன்னே?"

அப்பாவு தரையைப் பார்த்தார். "நான் என்னா அவ புருசனான்னு சொன்னேன், துரை."

பத்துமலைக்கு இருமல் வந்தது. துரை பேனாவை மூடி வைத்தார். பிறகு வீரம்மாவிடம் திரும்பினார்.

"காளியம்மாக்கு இப்போ எப்படி உண்டு?"

"கஞ்சி குடிக்கிறா துரை. எந்திரிச்சு ஒக்காந்துட்டா." வீரம்மா தூக்குச்சட்டியின் மூடியைத் திறந்தாள். "தேத்தண்ணி ஆறுது. எல்லாருக்கும் இருக்கு."

வீடு போகுமா போகாதா என்று தீர்ப்பு இன்னும் சொல்லவில்லை. அம்மா அதைப் பற்றிக் கேட்கவே இல்லை. ஒவ்வொரு கிளாசாக ஊற்றி முதலில் மண்டோர் அப்பாவுவிடம் நீட்டினாள்.

வாய்வழி எச்சரிக்கையோடு விட்டார்கள். வீடு நின்றது. அதற்குப் பிறகு பெரட்டில் ஒரு பெயருக்குப் பதில் வராவிட்டால், அப்பாவு கோடு போடுமுன் வீரம்மா பக்கம் ஒரு பார்வை பார்ப்பார்.

எண்பத்துநான்கில் ரப்பர் மரங்களைச் சாய்த்துச் செம்பனை போட்டார்கள். நவமணி அம்மாவை ஈப்போவில் தான் இருந்த புந்தோங்குக்கு அழைத்துக்கொண்டாள். அங்கேயும் சந்தைக்குப் போனால் திரும்பி வர நேரமாகும்.

எண்பத்தெட்டில் வீரம்மா இறந்தாள். நெஞ்சுவலி, யாரும் எதுவும் கேட்பதற்குள் முடிந்துவிட்டது.

துக்கம் விசாரிக்க வந்தார்கள். தோட்டம் கலைந்து எங்கெங்கோ போனவர்கள், ஹுத்தான் மெலிந்தாங்கிலிருந்துகூட, பஸ் மாறி மாறி வந்தார்கள். காப்பிக்கடைச் சீனத்தி வந்தாள். காளியம்மா வந்து அடுப்படியை எடுத்துக்கொண்டாள். நாற்காலி போதவில்லை, பக்கத்து வீடுகளில் இரவல் வாங்கினார்கள். நவமணி சுவரில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை பேரிடமா அம்மா நின்றிருக்கிறாள்?

சாயங்காலம் கிராணி ஐயாவு வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. படத்தின் முன் கும்பிட்டுவிட்டு, காலியாக இருந்த ஒரு நாற்காலியை வெறுமனே தொட்டுப் பார்த்தார்.

"அன்னிக்கு ஒங்கம்மா சரியாத்தான் சொன்னாங்க. நான்தான் தப்பாச் சொல்லிட்டேன். விசாரிக்கிறதுன்னா வீட்டுக்குத்தான் வரணும்."

நவமணி அந்த நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"சாப்ட்டியாம்மா?"

இல்லையென்று தலையாட்டினாள்.

"ஏன்?"

அவர் உட்காரவில்லை. பதிலுக்காக நின்றார்.